பின்லாந்துச் சரக்கு

"அடுத்தவன் சரக்கைத் திருடிக் குடிச்சிட்டு, வாயைத் தொடைச்சிக்கினு உத்தமன் மாதிரி நிக்கறான் பாரு, அவனைத்தான் சொல்றேன்! பேர் சொல்ல மாட்டேன். அவனுக்கே தெரியும்!"

காட்டுப்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடமே அதிர்ந்தது. பேர் சொல்லாவிட்டால் என்ன? பிரகாசத்தின் எதிரில் நின்றது டிரைவர் நடேசன் ஒருவன்தான்.

பிரகாசம் அம்பத்தூரில் பழைய இரும்பு வாங்கி விற்று ஆளானவர். கோணி மூட்டையிலிருந்து கார் வரைக்கும் வந்ததெல்லாம் வாய் பலத்தில். கோபமும் அதே வாயில்தான் குடியிருந்தது.

பின்லாந்தில் வேலை பார்க்கும் மகள் ரெனிதா, வந்தபோது ஒரு டப்பா கறுப்பு மிட்டாயும், அதே ருசியில் ஒரு பாட்டில் கறுப்புச் சாராயமும் கொண்டுவந்திருந்தாள். "அதிமதுரம்ப்பா. அந்த ஊர்ல இதுக்கு உயிரை விடுவாங்க."

வியாபாரத்தில் யாருக்காவது கொடுக்க ஆகும் என்று பிரகாசம் பாட்டிலை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். இன்று எடுத்துப் பார்த்தால் காலி.

"ஊட்டுக்குள்ள வந்து போற வெளியாளு நீ ஒருத்தன். குடிச்சிப் பழகின நாக்கும் உன்னுதுதான். இன்னா சொல்ற?"

நடேசன் குடியை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. பிரகாசத்தின் மனைவி லூர்தம்மாள்தான் அவனைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் வைத்தியத்துக்குச் சேர்த்தாள். அதை நம்பித்தான் அவன் பெண்டாட்டி அஞ்சலை தாய்வீட்டிலிருந்து திரும்பி வந்தாள். மறுபடி குடித்தான் என்று காதில் விழுந்தால் போதும், பெட்டியைத் தூக்கிவிடுவாள்.

நடேசன் மெதுவாகச் சொன்னான்.

"நான்தான் குடிச்சேன், மொதலாளி."

"பாட்டில் மொத்தமும் உள்ள உட்டியே, எப்படிடா இருந்துச்சு சீமைச் சரக்கு?"

"ஜோரா இருந்துச்சு. தேன் மாதிரி இனிப்பு."

பிரகாசத்துக்குச் சுருக்கென்றது. வந்த அன்றே ஆசையாக ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, வாஷ்பேசினுக்கு ஓடித் துப்பியவர் அவர். உப்பு! கடல் தண்ணியில் கஷாயம் காய்ச்சின மாதிரி. அதில் நவச்சாரம் என்கிற உப்பைச் சேர்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு ரெனிதா சிரித்தாள்.

"டேய், யார்கிட்ட? அதை வாயில வெச்சவன் மொதல்ல உப்புன்னுதான் சொல்லுவான். நீ தொடவே இல்ல. யாரைக் காப்பாத்தற?"

"உட்ருங்க, மொதலாளி. நானே குடிச்சதா இருக்கட்டும்."

"அஞ்சலை போயிடுவாடா!"

"அவ கால்ல உழுந்தாவது நிறுத்திக்கறேன்."

லிஃப்ட் திறந்தது. லூர்தம்மாள் கோயிலுக்குக் கிளம்பி வந்தாள். தெருமுனைச் சாராயக் கடையை மூடச் சொல்லி, முதல் ஆளாக நடுரோட்டில் உட்கார்ந்தவள்.

"ஏங்க, ரெனிதா கொண்டாந்த தொண்டை மருந்து தீந்துபோச்சு. இன்னும் ரெண்டு அனுப்பச் சொல்லுங்க. பேர் பாக்கறதுக்குப் பாட்டிலை அங்கியே வெச்சிக்கீறேன்."

"மருந்தா?"

"ஆமா. கோயில் பாட்டுக் குழுவுல ஆளுக்கு ரெண்டு மூடி ஊத்திக் குடுத்தேன். உப்பா கீதுன்னு மூஞ்சியைச் சுளிச்சாளுங்க. ஆனா நேத்து பாட்டு இன்னா கணீர்னு வந்துச்சு தெரியுமா? ஃபாதரே பாராட்டினாரு!"

"அதை மருந்துன்னு உனக்கு யாரு சொன்னது?" பிரகாசத்தின் குரல் பாதியாக இறங்கியிருந்தது.

"நல்லா கேட்டீங்க! இது இன்னா பாட்டில்னு நான் கேட்டப்போ, நீங்கதானே சொன்னீங்க?"

நேற்று கோயிலிலிருந்து திரும்பும்போது அவள் பையை வாங்கிக் காரில் வைத்தவன் நடேசன். அவன் மூக்குக்குத் தெரியாத வாடையா? சாராயம் என்று தெரிந்தால் அந்த அம்மா தாங்க மாட்டாள் என்பதும் அவனுக்குத் தெரியும்.

லூர்தம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"அது கெடக்கட்டும். மேல் மாடி கஸ்தூரி போன் பண்ணா. கீழ எவனோ நம்ம நடேசனைத் திருடன், குடிகாரன்னு கத்தறானாமே? அவன் எவனா இருந்தாலும் இழுத்தாங்க. என் கண்ணு எதிர்ல நடேசன் கையைப் புடிச்சி மன்னிப்பு கேக்கச் சொல்லுங்க!"