பதினோரு இடத்திலும் ஐசோலேட்டர்

ஒரே சொல்லை அடுத்தடுத்து எழுதுவது நடைக்கு அழகல்ல என்று படித்தவர்கள் பலர் நம்புகிறார்கள். இருபத்தையாயிரம் வோல்ட் ஓடும் ரயில் கம்பிக்கு அப்படி ஒரு நம்பிக்கை கிடையாது.

மொழிபெயர்ப்பு அலுவலக மேலாளருக்கு இருந்தது.

ரயில் மின்மயக் கையேடு ஒன்றைப் போர்த்துகீசியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலை. கம்பியில் கை வைக்குமுன் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவிக்கு மூலத்தில் பதினோரு இடத்திலும் ஒரே பெயர். மொழிபெயர்ப்பாளரான அம்மாளும் பதினோரு இடத்திலும் 'ஐசோலேட்டர்' என்றே எழுதியிருந்தார்.

மேலாளர் முகம் சுளித்தார். நான்கை 'செபரேட்டர்' ஆக்கினார். மூன்றை 'டிஸ்கனெக்டர்' ஆக்கினார்.

"இப்பதான் படிக்கற மாதிரி இருக்கு."

"ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

பக்கத்து மேசையில் பிழைதிருத்தும் பெண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கணவன் லைன்மேன். இந்தக் கையேட்டை நம்பித்தான் கம்பத்தில் ஏறப்போகிறான்.

மேலாளர் நகர்ந்ததும் கேட்டாள்: "ஏன்க்கா, ஒரே சாமானுக்கு மூணு பேர் வெச்சா, மேல நிக்கறவன் எதைன்னு தேடுவான்? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டறீங்க?"

"ஆசைப்படறார், விடு."

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

மேலாளரின் பதிப்பு தங்க எழுத்தோடு, தலையணைத் தடிமனில், பார்வைக்கென்று ஒரே ஒரு பிரதியாக வந்து சேர்ந்தது. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பிழைதிருத்தும் பெண்ணின் பொறுப்பில் விட்டார்கள்.

மாலையில் வீட்டுக்கு வந்தால், கணவனின் சட்டைப்பையில் ஒரு குட்டிப் புத்தகம். புரட்டினாள். பதினோரு இடத்திலும் ஐசோலேட்டர்.

"இது ஏது?"

"உங்க ஆபீஸ் அக்கா குடுத்தது. ஒரு வாரமா டிப்போவுக்கு வந்து, ஒவ்வொரு சாமானையும் காட்டி, நாங்க என்ன பேர் சொல்றோம்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. பெரிய புக்கைத் தூக்கிட்டுக் கம்பத்துல ஏற முடியாதுன்னு சொல்லி, கையடக்கமா ஒண்ணு போட மேலாளர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டாங்களாம். சின்னப் புக்குன்னதும் அவர் பிரிச்சே பாக்கலையாம்."

மறுநாள் காலை மேலாளர் உற்சாகமாக வந்தார். தம் பதிப்பை டிப்போவுக்கே எடுத்துப்போய் லைன்மேன்களுக்குப் படித்துக் காட்டப் போவதாக அறிவித்தார்.

"ரொம்ப நல்லது சார்" என்றாள் பிழைதிருத்தும் பெண்.

அலமாரிச் சாவியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.