நூறாவது ஒப்புதல்

கருவைக் கலைக்கும் சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பொதுநிதி திறக்க வேண்டுமெனில், சந்தா செலுத்துவோரில் நூறு பேர் கைபேசியில் ஒப்புதல் தர வேண்டும் என்பது சட்டம். நோயாளியின் பெயர் மட்டும் மறைக்கப்படும்.

பூங்கோதையின் கரு, கருப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கி, அவள் உயிருக்கு உலை வைத்திருந்தது. அறுவை அறை வாயிலில் அவள் கணவன் அம்பலவாணன் பதிகம் முணுமுணுத்தபடி, ஒப்புதல்களை எண்ணிக் காட்டும் பலகையைப் பார்த்து நின்றான். எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றொன்பது! எண்கள் தேர்த்திருநாள் கூட்டம்போல் முண்டியடித்து ஏறின.

அவன் கைபேசி சிணுங்கியது. இப்படி வரும் கோரிக்கைகளையெல்லாம் மறுத்துவந்த பதினோராண்டுப் பழக்கத்தில் கட்டைவிரல் தானாகவே ‘மறுப்பு’ என்பதை அழுத்திற்று. பிறகுதான் படித்தான்: வயது முப்பத்தொன்று, குழாய்க்கரு, இதே மருத்துவமனை.

“சிவசிவா! என் பெண்டாட்டிக்கே மறுத்துட்டேனே! மாத்திக் குடுங்கம்மா!”

“அழுத்தினா அழுத்தினதுதான் சார்,” என்றாள் செவிலி ஜெசிந்தா.

அக்கணமே பலகையில் நூறு சுடர்ந்தது. மணி கலகலவென ஒலித்தது. அம்பலவாணன் வேட்டி அவிழத் துள்ளினான்.

உள்ளே செல்லும் தள்ளுகட்டிலிலிருந்து பூங்கோதை தன் கைபேசியை நீட்டினாள். “இதை வெச்சுக்குங்க. யாரோ ஒரு பொண்ணுக்குக் கேட்டாங்க, பாவம், இப்பதான் சரின்னு அமுக்கினேன். உங்களுக்கும் வந்துச்சா?”

“வந்துச்சு,” என்று அவன் தன் கைபேசியை மடியில் ஒளித்துக்கொண்டான். சிரிப்பை அடக்க மாட்டாமல் ஜெசிந்தா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.