இரைச்சல் என்றொரு கட்டம்

அவன் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தான்.

குளத்தில் பாதி இன்னும் பனிக்கட்டி. மீதிப் பாதியில் கறுப்புத் தண்ணீர். கரையில் ஒரு மைக். இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் ஹில்லா.

பதிவு தொடங்கிவிட்டால் பேசக் கூடாது. இருமக் கூடாது. ஜெர்கினின் கை உரசக் கூடாது. எல்லாம் ஹில்லாவின் சட்டம். ஒன்பது வருடமாகப் பின்லாந்துத் தவளைகளின் குரலைப் பதிவு செய்கிறாள். ஒன்றிலும் மனிதக் குரல் கிடையாது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு படிவம் உண்டு. அதில் 'இரைச்சல்' என்று ஒரு கட்டம். காற்று, விமானம், மரங்கொத்தி என்று பொடி எழுத்தில் நிரப்புவாள்.

பேசாமலிருப்பது அவளுக்குச் சிரமமே இல்லை. பதிவு ஓடாதபோதும் அவள் அப்படித்தான்.

அவனுக்குத்தான் உயிர் போனது.

வால்பாறைத் தவளைகள் மழை வந்தால் கத்தும். இங்குள்ளவை பனி உருகினால் கத்தும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்பதுதான் இருவரின் கூட்டு ஆய்வு. வால்பாறைப் பாதியை அவன் கையோடு கொண்டுவந்துவிட்டான். இந்தப் பாதிக்கு இரைச்சல் இல்லாத அரை மணி நேரம் போதும். அது கிடைக்காவிட்டால் அவனுடைய முனைவர் பட்டத்துக்கான ஆய்வேடு அரைகுறைதான்.

மூன்று மாதம் காத்திருந்தான். இந்த வருடம் பார்த்து வசந்தம் ஆடி அசைந்து வந்தது. தவளைகள் சேற்றுக்கடியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

இன்று பிற்பகல் அவனுக்கு விமானம். பெட்டி காரிலேயே இருந்தது.

ஏழு மணி. ஒன்றுமில்லை.

எட்டு மணி. ஒன்றுமில்லை. ஹில்லா பிளாஸ்கைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தாள். திறந்தால் சத்தம் வரும்.

எட்டே காலுக்குத் தண்ணீரில் ஒரு வளையம்.

நகம் அளவுக்கு ஒரு மூக்கு. அதன் பின்னால் இரண்டு கண்கள்.

பிறகு, குர்ர்ர்.

"வந்துட்டியா கண்ணு."

சொன்னது அவன்தான். வாய்விட்டு, அக்கரைக்கே கேட்கும்படி.

அவன் பொள்ளாச்சிக்காரன். அங்கே கைக்குழந்தைக்கும் கன்றுக்குட்டிக்கும் காக்கவைத்து வரும் டவுன் பஸ்ஸுக்கும் இதே வரவேற்புதான். மூன்று மாதம் அடக்கிவைத்தது தானாக வந்துவிட்டது.

மூக்கு மறைந்தது. கண்கள் மறைந்தன. வளையமும் மறைந்தது.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். இனிப் பொத்தி என்ன ஆகப்போகிறது.

ஹில்லா பதிவை நிறுத்தினாள். படிவத்தை எடுத்தாள். இரைச்சல் கட்டத்தில் எழுதினாள்: மனிதக் குரல், ஒன்று.

ஒன்பது வருடத்தில் முதல் முறை.

பத்தரை வரை உட்கார்ந்து பார்த்தார்கள். தவளைக்கு என்ன ரோஷமோ, வரவில்லை.

விமான நிலையம் போகும் வழியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அவன் அப்போது என்ன சொன்னான் என்று. பொருளைச் சொன்னான். யாரையெல்லாம் அப்படி வரவேற்பார்கள் என்பதையும், டவுன் பஸ் உட்பட, சொன்னான். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு முறை, மெதுவாகச் சொல்லச் சொன்னாள்.

சொன்னான்.

மூன்றாம் நாள் கோயம்புத்தூரில், ஆய்வுக்கூடத்து மேசையில் அவன் கணினியைத் திறந்தபோது ஹில்லாவின் மின்னஞ்சல் கிடந்தது. ஒரு ஒலிக்கோப்பு. நிரப்பாத படிவம். முதல் அரை மணி நேரம் ஆய்வுக்கு, படிவத்தை நீயே நிரப்பிக்கொள் என்று ஒரு வரி.

ஹெட்போனை மாட்டினான்.

தண்ணீர். தொலைவில் பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம். பிறகு, குர்ர்ர். பிறகு இன்னொன்று. பிறகு குளம் முழுக்க.

பத்து நிமிடம். விமானம் இல்லை.

இருபது. காற்று இல்லை. அவன் மறுபடியும் மூச்சை அளந்து விட்டுக்கொண்டிருந்தான், கேட்க அங்கே எந்தத் தவளையும் இல்லாதபோதும்.

முப்பது.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷம்தான், வேறென்ன. ஆய்வேட்டின் மறுபாதி வந்து சேர்ந்துவிட்டது.

நிறுத்தக் கை போனது. ஆனால் கோப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

முப்பத்தோராம் நிமிடத்தில், மைக்குக்கு மிக அருகில், யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"வந்துத்தியா கன்னு."

தவளைகள் சட்டென்று நின்றன. பிறகு ஒவ்வொன்றாக, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தன.

அவன் அதை மூன்று முறை கேட்டான். தனியாக உட்கார்ந்து சிரிக்கிறவனைப் பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

படிவத்தை எடுத்தான். தேதியை எழுதினான். குளத்தின் பெயரை எழுதினான். பதிவின் நீளம், முழுதாக முப்பத்திரண்டு நிமிடம் என்று எழுதினான்.

இரைச்சல் கட்டத்தில், இல்லை என்று எழுதினான்.