நாற்பத்தொன்று-ஆ

“இதுகூடத் தெரியாமலா இன்டர்வியூவுக்கு வந்தீங்க?”

டை கட்டிய இளைஞன் அப்படிக் கேட்டதும் அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. உள்ளே போய்விட்டு வந்த முதல் ஆள் அவன்தான். தணிக்கை விதிகளில் நாற்பத்தொன்று-ஆ பற்றிக் கேட்டார்களாம். கணக்கில் தவறு கண்டால் முப்பது நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்கிற விதியாம். புட்டுப் புட்டு வைத்துவிட்டேன் என்றான். காத்திருந்தவர்கள் எல்லாரும் தெரிந்த சங்கதிதானே என்பதுபோலத் தலையாட்டினார்கள்.

அவளுக்கு மட்டும் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒன்பது வருடம் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்தவள் அவள். மகனுக்கு முதுகில் அறுவை சிகிச்சை என்று ஆனபோது வேலையை விட்டாள். இப்போது அவன் தானாக நடந்து பள்ளிக்கூடம் போகிறான். கணவர் வேலை பார்த்த ஆலைதான் மூடிக் கிடக்கிறது. ஆறு வருட இடைவெளியைப் பார்த்ததுமே நாலு இடத்தில் அவள் விண்ணப்பத்தை ஓரங்கட்டிவிட்டார்கள். கூப்பிட்டது இந்தத் தணிக்கை அலுவலகம் மட்டும்தான். ஐந்து மாதமாகத் தேடியும் இவர்களுக்குத் தோதாக ஆள் அமையவில்லையாம்.

புது விதிப் புத்தகத்தை மூன்று தடவை வரி விடாமல் படித்திருந்தாள். நாற்பத்தொன்று நன்றாக நினைவிருந்தது. அதில் ‘ஆ’ எங்கே வந்தது? பக்கம் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்ததா? பிறகு வந்த திருத்தமா? தேடிப் பார்க்கலாம் என்றால் போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். வந்தவர்கள் எல்லாரும் முப்பது நாளைச் சொல்லிவிட்டதாகச் சொல்லிக்கொண்டே படியிறங்கினார்கள். அவள்தான் கடைசி.

உள்ளே நிர்வாகி அம்மாளும் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் கேட்டவை எல்லாம் அவள் கைபழகிய விஷயங்கள், தடுமாறாமல் சொன்னாள். பிறகு அவர்களில் கண்ணாடி போட்டவர் நாற்பத்தொன்று-ஆ பற்றிக் கேட்டார்.

முப்பது நாள் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஏனோ அதற்கு மேல் வாய் வரவில்லை.

“எனக்குத் தெரியாது சார்.”

“கேள்விப்பட்டதுகூட இல்லையா?”

“வெளியில பேசிக்கிட்டாங்க, காதுல விழுந்தது. ஆனா கண்ணால பார்க்காத விதியைத் தெரியும்னு எப்படி சார் சொல்றது? புத்தகத்தைக் கொடுங்க, இங்கேயே படிச்சுட்டுச் சொல்றேன்.”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் புத்தகத்தை எடுக்கவில்லை. வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

கூடம் காலியாக இருந்தது. காலையில் கணவர்தான் சமைத்து, மகனைக் கிளப்பி, அவளை பஸ் ஏற்றிவிட்டார். அவரிடம் என்னவென்று சொல்வது? பன்னிரண்டு பேருக்குத் தெரிந்தது தனக்கு எப்படித் தெரியாமல் போனது? மனதுக்குள் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை.

நிர்வாகி அம்மாள் ஒரு உறையோடு வந்தார். திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடச் சொன்னார்.

அவளுக்குக் குழப்பம் இன்னும் கூடியது. உறையைக் கையில் வாங்காமலே கேட்டாள்.

“ஆள் மாறிப் போச்சா மேடம்? அந்தக் கேள்விக்கு நான்தானே பதில் சொல்லல? மத்த பன்னெண்டு பேரும் சொன்னாங்களே.”

“ஆமா, பன்னெண்டு பேரும் சொன்னாங்க” என்றார் நிர்வாகி அம்மாள். “அப்படி ஒரு விதியே கிடையாதும்மா. போன வாரம் நாங்க மூணு பேரும் உட்கார்ந்து இட்டுக்கட்டினது.”