கூரை வளையம்

மாவு மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சைக்கால் உட்கார்ந்து எழுந்தாள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மாமியார் முகம் சுளித்தாள்.

“காத்தடிச்சா பறந்துபோற உடம்பு. எதுக்கும்மா இந்த மல்லுக்கட்டு?”

“மேய்ச்சல் மலைக்குப் போறதுக்குள்ள பலம் வரணும் அத்தை.”

“கூடாரத்து உச்சியில மாட்டுற கூரை வளையத்தை நீ தூக்கப்போறியா? அது வீட்டு ஆம்பள தூக்கவேண்டியது. ஊரே சிரிக்கும்.”

“முதுகை வளைக்காத, முழங்காலை மடக்கு” என்றான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கணவன் மெதெர்.

“நீயுமாடா?”

வசந்தம் வந்தது. மலைமேல் கூடாரச் சுவர்கள் எழுந்தன. வளையத்தைத் தூக்கப் பக்கத்துக் கூடாரத்து ஆண்கள் ஓடிவந்தார்கள்.

“இருங்கண்ணா” என்று தடுத்தாள் சைக்கால். மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள்.

சைக்கால் வளையத்தைத் தொடவில்லை. நேரே தாங்கள் வந்த வண்டிக்குப் போனாள். முழங்காலை மடக்கி மெதெரை அள்ளித் தூக்கினாள். குதிரைச் சேணத்தில் உட்காரவைத்து, பனிச்சரிவில் சிக்கியதிலிருந்து அசையாத அவன் கால்களை வாரால் கட்டினாள்.

“இப்ப நீங்க தூக்குங்க.”

மெதெர் குதிரைமேல் இருந்தபடியே கவைக்கம்பால் வளையத்தை உயர்த்தினான். யாரும் சிரிக்கவில்லை.

மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இனிமே இவனுக்கு வெண்ணெய் கம்மியாத்தான் வைக்கணும்.”