கேசரிப் பவுடர்

இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே கிணறு. ஒரு வாரமாகத் தண்ணீரில் லேசாகச் சாக்கடை நாற்றம்.

"ஒங்க கக்கூஸ் தண்ணியத்தான் நாங்க குடிக்கோம்" என்றார் பக்கத்து வீட்டு பெலிக்ஸ்.

"எங்க குழாய் போட்டு மூணு வருசங்கூட ஆகல. ஒம்ம வீட்டப் பாரும்வே" என்று நானும் விடாமல் கத்தினேன்.

என் மனைவி செண்பகம் சண்டைக்கு வரவில்லை. எங்கள் கழிவறையில் தண்ணீர் தயங்கித் தயங்கி இறங்குவதை அவள் சில நாட்களாகவே கவனித்திருந்தாள். இரண்டு பொட்டலம் கேசரிப் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துக் கழிவறைக்குள் ஊற்றினாள்.

"மொதல்ல நம்ம வீட்டப் பாப்போம். கெணத்துல கலர் வந்தா நம்ம குழாய்தான். நாளைக்கு அவங்க வீடு."

மறுநாள் விடிந்ததும் கிணற்றில் இறைத்தாள். வாளியில் வந்த தண்ணீர் ஆரஞ்சு நிறமாக இருந்தது. கிணற்றடியில் எங்களைத் தவிர ஆளில்லை.

"கொட்டிரு. யாரும் பாக்கல. நாம சத்தமில்லாம குழாயச் சரிபண்ணிருவோம்" என்றேன்.

"அதுவரைக்கும் அவங்க புள்ளைங்க இதக் குடிக்கவா?"

நிறைவாளியைத் தூக்கிக்கொண்டு பெலிக்ஸ் வீட்டுப் படியேறினாள். கதவைத் தட்டி, "அண்ணாச்சி" என்று கூப்பிட்டாள். உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.