அப்பாவுக்குப் பத்து மார்க்

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் இரண்டு கைகளாலும் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வயிற்றை முதுகெலும்பு வரை உள்ளே இழுத்துவிட்டார்.

நர்ஸ் டேப்பைச் சுற்றிப் பார்த்தாள். எண்பத்தொன்பது.

அவள் எழுதவில்லை. காத்திருந்தாள். காலையிலிருந்து இந்த டைல்ஸ் கிடங்கில் நாற்பது பேருக்கு இடுப்பு அளந்தாயிற்று. நாற்பது பேரும் மூச்சைப் பிடித்தவர்கள்தான். எப்பேர்ப்பட்ட வீரனும் அரை நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்ததில்லை.

இவர் தாக்குப்பிடித்தார்.

நேற்றே எல்லாருக்கும் கொடுத்திருந்த படிவத்தில் இருந்த கணக்கு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. வயதுக்கு இத்தனை, இடுப்புக்கு இத்தனை, உட்கார்ந்தே பார்க்கும் வேலைக்கு இத்தனை, பெற்றவர்களுக்கு சர்க்கரை இருந்தால் இத்தனை. கூட்டிப் பார்த்தால், உங்களுக்கும் சர்க்கரை வர எவ்வளவு வாய்ப்பு என்று தெரிந்துவிடும். அறுபதைத் தொட்டால் சிவப்பு அட்டை. சிவப்பு அட்டைக்காரர்கள் நாளைக் காலை வெறும் வயிற்றோடு வந்து ரத்தம் கொடுக்க வேண்டும்.

ஓட்டுநருக்கு வயதும் வேலையும் சேர்ந்து ஏற்கெனவே நாற்பது. நாள் முழுக்க லீவரை இழுப்பதும் உடற்பயிற்சிதானே என்று வாதாடிப் பார்த்திருந்தார். எடுபடவில்லை. இடுப்பு தொண்ணூறைத் தாண்டினால் இன்னொரு பத்து. அம்மாவுக்கு சர்க்கரை இருந்ததில்லை. அவர் காலமாகிப் பத்து வருடம். பாக்கி இருந்தது அப்பா.

மூச்சை விடாமல், ஓட்டைப் புல்லாங்குழல் மாதிரி ஒரு குரலில் அவர் கேட்டார்:

"சிஸ்டர், அப்பாவோட பேச்சுவார்த்தையே இல்லைன்னாலும் அந்த மார்க் சேருமா?"

சேரும் என்றாள் நர்ஸ். எட்டு வருடமாகப் பேசவில்லை என்றார் அவர். எண்பது வருடமானாலும் சேரும் என்றாள்.

என்ன சண்டை என்பதை வரிசையில் பின்னால் நின்ற ஸ்டோர் கீப்பர் அவளுக்கு விளக்கினார். கிடங்கில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். புது வீட்டுக் குளியலறைக் கதவு உள்பக்கமாகத் திறக்க வேண்டும் என்றது மகன். வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்றது அப்பா. அவ்வளவுதான். வெட்டு குத்து ஒன்றும் இல்லை.

சரி, அப்பாவுக்கு சர்க்கரை உண்டா, இல்லையா?

ஓட்டுநர் உதட்டைப் பிதுக்கினார்.

தெரியாது என்றும் ஒரு கட்டம் இருக்கிறது, அதற்கு மார்க் கிடையாது என்று நர்ஸ் எடுத்துச் சொன்னாள். வரிசை மொத்தமும் அவளுக்குப் பின்பாட்டுப் பாடியது. பேசாமல் தெரியாது என்று போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். அட்டை கிட்டையெல்லாம் எதற்கு என்றார்கள்.

அவர் கேட்கவில்லை. படிவம் என்றால் படிவம், ஊகத்தில் எழுதக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். அந்தப் படிவமோ நாலாக மடிந்து அவர் அக்குளில் இடுக்கியிருந்தது.

ஒரு கையால் சட்டையைப் பிடித்தபடி மேஜைமேல் கிடந்த ஃபோனில் எண்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். பெயர் போட்டு வைத்திருக்கவில்லை. ஆனால் எங்கேயும் யோசிக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு மறுபடி இரண்டு கைகளாலும் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

ஏழு முறை மணி அடித்தது. யார் என்று ஒரு முரட்டுக் குரல் கேட்டது.

"நான்தான்ப்பா."

வயிறு பொத்தென்று விழுந்தது. தொண்ணூற்றெட்டு. நர்ஸ் சட்டென்று மனதில் குறித்துக்கொண்டாள்.

யாராவது போய்ச் சேர்ந்துவிட்டார்களா என்று அப்பா விசாரித்தார். அதெல்லாம் இல்லை, கிடங்கில் ஒரு முகாம், ஒரு படிவம், அதில் ஒரு கேள்வி என்று மகன் விவரம் சொன்னார்.

"எனக்கு சர்க்கரை இருந்தா உனக்கென்ன, இல்லேன்னா உனக்கென்ன?"

"பத்து மார்க்குப்பா."

அப்பா யோசித்தார். அந்த மார்க் வந்தால் நல்லதா, வராவிட்டால் நல்லதா என்று கேட்டார். வராவிட்டால்தான் நல்லது என்றார் மகன்.

"அப்போ இல்லைன்னு போட்டுக்கோ. எனக்கு ஒரு இழவும் இல்ல. கல்லு மாதிரி இருக்கேன்."

அதோடு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. கதவை மாற்றினாயா என்று அப்பா கேட்டார். மாற்றவில்லை, போன மாதம் வாளி குறுக்கே விழுந்து முக்கால் மணி நேரம் உள்ளேயே மாட்டிக்கொண்டேன் என்று மகன் ஒப்புக்கொண்டார். அப்பா சிரித்த சிரிப்பில் மேஜைமேல் ஃபோன் நகர்ந்தது. கீல் எந்தப் பக்கம், திருகு எத்தனை, நிலை மரமா இரும்பா என்று பேச்சு நீண்டது. டேப் அவர் இடுப்பிலேயே தொங்கியது. வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

பேசி முடித்ததும் ஓட்டுநர் சட்டையை இறக்கி விட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அப்பா ஸ்க்ரூ டிரைவரோடு வருகிறார் என்று பொதுவாக எல்லாருக்கும் அறிவித்தார். வியர்வையில் நனைந்த படிவத்தை நர்ஸிடம் நீட்டிவிட்டு, அட்டை என்ன நிறம் என்றுகூடக் கேட்காமல் வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

நாற்பதும் இடுப்புக்குப் பத்தும் ஐம்பது. தப்பித்தார் என்று நினைத்துக்கொண்டே நர்ஸ் படிவத்தைப் பிரித்தாள்.

அப்பா பற்றிய கேள்விக்கு எதிரே, 'உண்டு' என்ற கட்டத்தில், பேனாவால் அழுத்தமாக ஒரு டிக் இருந்தது. பக்கத்தில் இடம் போதாமல் நுணுக்கி எழுதியிருந்தது: 'பதினோரு வருடமாக. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒன்று.'

கீழே கையெழுத்து. அதனடியில் நேற்றைய தேதி.